பேஞ்சோ இல்லாமல் புளூகிராஸ் குழு தொடங்கலாமா?

ஹட்டன் கிட்டார்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் நாலு பேர், ஹட்டன் பக்கம். இரண்டு கிட்டார், ஒரு மாண்டலின், ஒரு வயலின். வயலின் தங்கச்சி கோவில் பஜனையில் வாசிப்பவள். யூடியூப்பில் புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி இசையைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஆனால் எங்களிடம் அதற்கு வேண்டிய பேஞ்சோ என்கிற வட்டமான தந்தி வாத்தியம் இல்லை, நின்றுகொண்டு வாசிக்கிற அந்தப் பெரிய பேஸும் இல்லை. அருமையாகத் தப்பு அடிக்கிற கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான், இந்த இசையில் தோல் வாத்தியமே கூடாதாமே? இங்கே யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

கண்டி ரேடியோ:
தொடங்கலாம். புளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படுகிற பில் மன்றோ 1939இல் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தபோது அவர் குழுவில் பேஞ்சோவே இல்லை. மாண்டலின், கிட்டார், வயலின், பேஸ், அவ்வளவுதான். மூன்று விரலால் பொரிந்து தள்ளுகிற அந்த பேஞ்சோ சத்தம் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்த பிறகுதான். வாங்கப் போனால் ஐந்து தந்தி என்று அழுத்திச் சொல்லுங்கள். நான் வெறும் பேஞ்சோ என்று கேட்டதற்கு, கடைக்காரர் நம் பக்கம் பேஞ்சோ என்றே சொல்லுகிற, கட்டை வைத்த புல்புல்தாராவை எடுத்து நீட்டினார்.

பண்டாரவளை மாண்டலின்:
தம்பி, பேஞ்சோ கிடக்கட்டும். அந்தத் தப்புக்காரரை விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டுவிட்டுத்தான் ஒரு வருசத்தை வீணாக்கினோம்.

2012இல் தொடங்கினோம். நான் மாண்டலின், பகலில் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை. கிட்டாருக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வயலினுக்கு அவருடைய மச்சான். மச்சான் கர்நாடக சங்கீதம் படித்தவர், சம்மணம் போட்டுத்தான் வாசிப்பார். நிற்க வைத்தால் வில் நடுங்கும். ச-ப-ச-ப என்று இருந்த சுருதியை மாற்றி மாண்டலின் மாதிரி ஜி-டி-ஏ-ஈ வைக்கச் சொன்னதற்கு ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தப்புக்கு என் சித்தப்பா மகன். காமன் கூத்து வந்தால் எங்கள் டிவிசனில் அவனைத்தான் தேடுவார்கள். முதல் ஒத்திகைக்கு ஆசையாக வந்தான். "இதுல தோல் கிடையாது" என்றார் வாத்தியார். பழைய பதிவுகளில் டிரம்ஸ் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் வேறு ஒன்றும் இருந்தது. சாவு வீட்டில் தப்பு அடிக்கிறவன் என்றால் நம் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை. எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் முடிக்கும்போது பிரேக் போன லொறி மாதிரி ஓடிக்கொண்டிருப்போம். டிரம்ஸ் இல்லாத இசையில் தாளத்தை எல்லாரும் பங்கு போட்டுச் சுமக்க வேண்டும். நாலு எண்ணினால் பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும், மாண்டலின் இரண்டிலும் நாலிலும். அடித்த கையோடு இடது கை விரலைத் தளர்த்தித் தந்தியை அடக்கிவிட வேண்டும், நறுக்கென்று கேட்க வேண்டும். 'சாப்' என்பார்கள். நான் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அவன் குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் போனேன். அவன் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தான், எங்கள் பனிக்குத் தோல் தொய்ந்துவிடும். போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாதி கேட்டதுமே, "இது சிண்டுக்குச்சி விழுற இடம்ணே. நீ அடிக்குச்சி இடத்துலயும் சேத்து அடிக்கிற" என்றான். தப்பில் கனமாக விழுவது தடித்த அடிக்குச்சி, இடையில் சுள்ளென்று விழுவது மெல்லிய சிண்டுக்குச்சி. ஒரு வருசமாகப் பிடிபடாதது அந்த ஒரு பேச்சில் பிடிபட்டது.

பேஸுக்கு வழி கிடைத்ததும் அன்றுதான். எங்கள் ஆத்தா அரிசி போட்டு வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியைச் சும்மா தட்டினான், உள்ளுக்குள் முழங்கியது. 1950களில் இங்கிலாந்துப் பையன்கள் வாசித்த தேயிலைப் பெட்டி பேஸ் இதேதான்: கவிழ்த்த பெட்டி, ஒரு மம்பட்டிப் பிடி, நடுவில் ஒரு கயிறு. பிடியைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும். இப்போது தேயிலை பேப்பர் சாக்கில் போவதால் ஸ்டோரில் தேடினாலும் பலகைப் பெட்டி கிடைக்காது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் கிர்ரென்று அதிர்ந்தது, அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள். அவன்தான் வாசிக்கிறான், இன்றுவரை.

முதல் மேடை தோட்டத்துக் கோவில் திருவிழா. மழை. சவுண்ட்காரர் கொண்டுவந்ததில் ஒரே ஒரு மைக்தான் வேலை செய்தது. பழைய புளூகிராஸ்காரர்களும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, முறை வரும்போது முன்னால் வந்து வாசித்துவிட்டு விலகுவார்கள். நாங்கள் அதைப் பழகியிருக்கவில்லை, மச்சானின் வில் என் காதில் குத்தியது. இரண்டு பாட்டு முடிவதற்குள் சினிமாப் பாட்டு கேட்டுக் கூச்சல். சரி என்று கொழுந்துக்காரிகள் பாடுகிற பழைய பாட்டு ஒன்றை ஜி சுருதியில் எடுத்தோம். முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாத அடிகளையும் சேர்த்து. அவர்கள் நிறுத்தும்வரை நாங்களும் நிறுத்த முடியவில்லை.

திரும்பும்போது வண்டி மேட்டில் ஏறவில்லை. சேற்றில் பெட்டியைத் தலையில் வைத்து லயம்வரை சுமந்தவர் வாத்தியார்தான். ஒன்றும் பேசவில்லை.

தலவாக்கலை வயலின்:
தோல் கூடாது என்று யார் சொன்னது? பேஞ்சோவே தோல் போர்த்திய வாத்தியம்தானே! இப்போது பிளாஸ்டிக், முன்பு கன்றுத் தோல். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது அது. தங்கச்சியிடம் ஒன்று சொல்லுங்கள்: நம் ஊர் ஈரத்துக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

ஹட்டன் கிட்டார்:
கூட்டாளிக்குப் போன் போட்டுவிட்டேன், ஞாயிறு வருகிறான். பண்டாரவளை அண்ணே, எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அப்பாயி அதில் கோதுமை மா வைத்திருக்கிறார். எப்படிக் கேட்பது?

பண்டாரவளை மாண்டலின்:
முதலில் மூடி போட்ட பெரிய வாளி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்.