ஒயாசிஸ் டிக்கெட்: ஒரு கோடிப் பேர் நின்ற வரிசை எதைக் காட்டுகிறது?

மேடைப்பித்தன்

பிரிட்டிஷ் ராக் குழுவான ஒயாசிஸின் இசைச் சுற்றுப்பயணம் 2025 நவம்பரில் பிரேசிலின் சாவோ பாலோவோடு முடிந்தது. டிக்கெட் விலை மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. இந்த இணையக் களத்திலேயே வேறொரு திரியில், நிற்கும் டிக்கெட் ஒன்றை 355 பவுண்டுக்கு விற்றது "பகல்கொள்ளை" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை மறுக்கிறேன். அங்கே பேச்சு திசைமாறும் என்பதால் தனித் திரி.

2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடை ஏறுவதற்கு முன்பே குழுவின் அண்ணன் தம்பி நோயல் கேலகரும் லியம் கேலகரும் சண்டை போட்டார்கள். அன்றோடு குழு உடைந்தது. ஏறக்குறைய 15 வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 27 அன்று மறுபடி சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 31 சனிக்கிழமை பொது விற்பனை. பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக 17 நிகழ்ச்சிகள், சுமார் 14 லட்சம் டிக்கெட்டுகள். வாங்க முயன்றவர்கள் 158 நாடுகளிலிருந்து ஒரு கோடிப் பேர் என்று சொன்னார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் ஏழு பேரில் ஆறு பேர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். என்ன விலை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

விலை குறைவாக இருந்தால் ரசிகனுக்குக் கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. முன்விற்பனை முடிந்த சில மணி நேரத்திலேயே மறுவிற்பனைத் தளங்களில் 6,000 பவுண்டு வரை கேட்டார்கள். அந்தப் பணம் பாடியவருக்குப் போகாது, மேடை கட்டிய தொழிலாளிக்கும் போகாது. அதற்கு 355 பவுண்டைக் குழுவே வாங்கிக்கொள்ளட்டும். நானும் அந்த விலைக்குத்தான் வாங்கினேன். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஜூலை 25, முதல் நாள். கொடுத்த காசுக்கு ஒரு நொடிகூட வருத்தப்படவில்லை.

ஹாரோ சுகந்தி

தம்பி, உங்கள் கணக்கு சரி. நான் அந்த நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்பது மணிக்கு விற்பனை. நாங்கள் ஏழரைக்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டோம். என் மடிக்கணினி, என் போன், அவருடைய போன், மகளின் ஐபேட். நாலிலும் நாலு வரிசை எண், நாலுமே இரண்டு லட்சத்துக்கு மேல். குளிக்கப் போகிறவர் தன் திரையை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பகல் சமையல் இல்லை, பாணும் பருப்பும்தான். என் போன் பதினொரு மணிக்கு வரிசையை விட்டே வெளியே தள்ளியது. மாலை மூன்றரைக்கு ஐபேட் உள்ளே போனது. இருக்கைகள் எல்லாம் முடிந்திருந்தன. நிற்கும் இடம் மட்டும் இருந்தது, ஒன்று 355 பவுண்டு. காலையில் நாங்கள் பார்த்து வைத்திருந்த விலை 150 சொச்சம். திரையின் மேலே நேரம் குறைந்துகொண்டே போகிறது. மகள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

இரண்டு வாங்கினேன். 710 பவுண்டு. வாங்கி முடிந்ததும் கை நடுங்கியது, சந்தோஷத்தில் இல்லை.

இதிலிருந்து இரண்டு விசயம். ஒன்று, உங்கள் ஒரு கோடியில் எங்கள் வீட்டை நாலு பேராக எண்ணியிருப்பார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு டிக்கெட். இரண்டாவது, 355 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

மேடைப்பித்தன்

அக்கா, அந்தக் களைப்பு எனக்கும் தெரியும். ஆனால் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. விலை திரையில் இருந்தது, நீங்கள் சம்மதித்தீர்கள். நீங்கள் விட்டிருந்தால் பின்னால் நின்றவர் அதே 355 கொடுத்து எடுத்திருப்பார். தேவை என்பது அதுதானே?

ஹாரோ சுகந்தி

இல்லை. பலகையில் மீன் 10 என்று எழுதிப்போட்டு, ஏழு மணித்தியாலம் வரிசையில் நிற்கவிட்டு, முறை வந்ததும் 24 என்று சொன்னால், அதற்குப் பிறகு வாங்குகிறவர் மீனுக்கு மட்டுமா காசு கொடுக்கிறார்? நின்ற நேரம் வீணாகக் கூடாதே என்றும் கொடுக்கிறார். அந்தத் தவிப்பைத் தேவை என்று கணக்கெழுத வேண்டாம்.

நிழல்கணக்கன்

இரண்டு பேருக்கும் ஒரு திருத்தம். அன்று பத்திரிகைகள் எல்லாம் "டைனமிக் விலை" என்றுதான் எழுதின. ஆள் சேரச் சேர ஒரு மென்பொருள் விலையை ஏற்றிக்கொண்டே போனது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2024 செப்டம்பரில், டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் மீது விசாரணை தொடங்கியது. அப்படி நொடிக்கு நொடி விலை ஏறியதற்கு ஆணையத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நடந்தது வேறு. நிற்கும் டிக்கெட்டை ஆரம்பத்திலேயே இரண்டு விலையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். குறைந்த விலைக் கட்டு முழுவதும் தீர்ந்த பிறகு அதிக விலைக் கட்டைத் திறந்தார்கள். அப்படி இரண்டு கட்டு இருப்பது வரிசையில் நின்றவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் ஆணையத்தின் கவலை. இருக்கைகளிலும் ஒரு சிக்கல். "பிளாட்டினம்" என்று பெயர் போட்ட சில இருக்கைகளுக்குச் சாதாரண இருக்கையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலை. கூடுதல் வசதி எதுவும் கிடையாது, பல நேரம் அரங்கத்தின் அதே பகுதிதான்.

அதனால் மேடைப்பித்தனிடம் ஒரு கேள்வி. ஒன்பது மணிக்கு முன்பே 355 என்று முடிவான விலையை, மாலையில் நின்ற கூட்டம் தீர்மானித்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கூட்டத்தைப் பார்த்து வைத்த விலையாக இருந்தால் உங்கள் வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இது ஒளித்து வைத்த விலை.

2025 செப்டம்பரில் அந்த நிறுவனம் ஆணையத்திடம் உறுதிமொழி கொடுத்தது: இப்படிக் கட்டுக் கட்டாக விற்பதானால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், வரிசையில் நிற்கும்போதே விலை விவரம் தர வேண்டும், ஏமாற்றும் பெயர் வைக்கக் கூடாது.

மேடைப்பித்தன்

இந்த விவரம் எனக்குத் தெரியாது, நன்றி. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லியிருந்தாலும் அந்த 355 பவுண்டு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்திருக்கும். விலை தப்பு என்பதும் விலையை மறைத்தது தப்பு என்பதும் வேறு வேறு.

நெப்வர்த்96

எனக்கு இரண்டுமே தப்பு.

1996 ஆகஸ்ட் 10, 11. இங்கிலாந்தின் நெப்வர்த் மைதானத்தில் ஒயாசிஸ் இரண்டு இரவு, இரண்டரை லட்சம் பேர். டிக்கெட் கேட்டவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். அதாவது பத்தில் ஒருவருக்குத்தான் கிடைத்தது; 2024 விற்பனையைவிட நெருக்கடி அதிகம் என்றே சொல்லலாம். விலை 22 பவுண்டு 50 பென்ஸ். விலைவாசி ஏறியதைச் சேர்த்தாலும் இன்றைக்கு 60 பவுண்டைத் தாண்டாது. அப்போதும் குழுவுக்கு இந்தத் தேவை தெரியும். பத்து மடங்கு ஆள் வருகிறான் என்பதற்காக விலையை இரண்டு மடங்கு ஆக்கவில்லை.

நான் அப்போது பல்கலைக்கழக மாணவன், இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை. இரண்டு இரவுச் சம்பளத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். இன்றைக்கு அதே வேலை செய்கிற பிள்ளை 355 பவுண்டுக்கு எத்தனை இரவு கண்விழிக்க வேண்டும்?

மேடைப்பித்தன்

அண்ணா, அப்போது குழுவின் வருமானம் இசைத்தட்டிலும் கேசட்டிலும் இருந்தது. கச்சேரி, தட்டு விற்க ஒரு விளம்பரம். இப்போது ஆயிரம் முறை ஒரு பாட்டைக் கேட்டாலும் பாடியவருக்குச் சில பவுண்டுகள்தான் வரும். சம்பாத்தியம் முழுக்க மேடைக்கு இடம் மாறிவிட்டது. பழைய விலையை மட்டும் தனியே எடுத்து வந்து ஒப்பிட முடியாது.

டொரோண்டோ பாலா

சம்பாத்தியம் மேடையில்தான் என்பது சரி. ஆனால் அதற்காக விலையை ஒளிக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒயாசிஸே சாட்சி. பிரிட்டனில் எழுந்த கூச்சலுக்குப் பிறகு, வட அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு டைனமிக் விலை முறை கிடையாது என்று குழு அறிவித்தது. டொரோண்டோவில் ஆகஸ்ட் 24, 25 இரண்டு நாளும் நடந்தது. நான் முதல் நாள் போனேன். மலிவு என்று சொல்ல மாட்டேன், கட்டணங்களும் சேர்ந்தன. ஆனால் எவ்வளவு என்று தெரிந்து, வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வரிசைக்குப் போனேன்.

தி க்யூர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழுவை மறந்துவிட்டீர்கள். 2023 அமெரிக்கச் சுற்றில் அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் மாறும் விலை வேண்டாம் என்று மறுத்தார். 20 டாலருக்குக்கூட டிக்கெட் இருந்தது. அதன் மேல் போட்ட கட்டணம் டிக்கெட்டைத் தாண்டியபோது வெளிப்படையாகச் சண்டை போட்டார். டிக்கெட்டுக்கு 5 டாலர், 10 டாலர் என்று ரசிகர்களுக்குத் திரும்பி வந்தது. சட்டம் அனுமதித்த மாநிலங்களில் கைமாற்ற முடியாத டிக்கெட். குழு நினைத்தால் முடியும்.

எதிர்ப்பக்கம் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 2022 விற்பனையில் சில இருக்கைகள் 4,000 டாலரைத் தாண்டின. அவரைப் பற்றி 1980 முதல் ரசிகர்களே நடத்திவந்த பேக்ஸ்ட்ரீட்ஸ் பத்திரிகை அடுத்த வருடம் கடையை மூடியது. மனம் விட்டுப்போனது என்று எழுதிவிட்டு மூடினார்கள். 43 வருடம் கூட நின்றவர்கள். அரங்கம் நிறைந்ததா என்று மட்டும் பார்த்தால் இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

மேடைப்பித்தன்

க்யூர் பாடியது பெரும்பாலும் உள்ளரங்கங்களில். 90,000 பேர் கொள்கிற வெம்ப்ளி வேறு. ஆனால் என் முக்கியமான கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 150 பவுண்டுக்குக் கொடுத்தால் பிளாக்கில் விற்பவன் அள்ளிக்கொண்டு போவானே, அவனை எப்படி நிறுத்துவது?

நிழல்கணக்கன்

சட்டத்தால். நீங்கள் நின்ற அதே வெம்ப்ளியில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை அனுமதி இல்லாமல் மறுவிற்பனை செய்தால் குற்றம். 1994 முதல் அப்படித்தான். அதே புல்தரையில் மேடை போட்டுப் பாடினால் குற்றமில்லை. இந்த ஓட்டையில்தான் அந்த 6,000 பவுண்டு விலை முளைத்தது. அயர்லாந்து 2021இல் சட்டம் போட்டு, பெரிய நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்றது. பிரிட்டன் அரசும் 2025 நவம்பரில் அதே வழிக்கு வருவதாக அறிவித்துவிட்டது. கிளாஸ்டன்பரி இசை விழாவில் புகைப்படத்தோடு பதிவு செய்தவருக்குத்தான் டிக்கெட், வேறொருவருக்கு மாற்ற முடியாது. அங்கே பிளாக் விற்பனைக்காரனுக்கு வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளாக்காரனிடம் போகிற பணம் குழுவுக்கே போகட்டும் என்றீர்கள். குழு என்ன சொன்னது? விலையையும் விற்பனையையும் ஏற்பாட்டாளர்களிடமும் நிர்வாகத்திடமும் விட்டுவிட்டோம், இந்த முறை வரப்போவது எங்களுக்குத் தெரியாது என்று அறிக்கை விட்டது. அவர்களே தங்கள் கையைக் கழுவிக்கொண்ட விலைக்கு நீங்கள் காவல் நிற்கிறீர்கள்.

மேடைப்பித்தன்

காவல் நிற்கவில்லை. என் பக்கம் ஒன்று இருக்கிறது. விலையைக் குறைத்துவிட்டுக் குலுக்கல் போட்டுக் கொடுத்திருந்தால் எனக்கு விழாமலே போயிருக்கலாம். 16 வயதில் அண்ணன் வாங்கி வந்த கேசட்டில் ஆரம்பித்தது இது. அவர் இப்போது இல்லை. அவருக்காக அங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பணம் கொடுத்தால் நிச்சயம் என்று ஒரு கதவு திறந்திருந்தது, நான் போனேன். ஒருமுறை கேட்டுவிட்டு மறக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே வாய்ப்பு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஹாரோ சுகந்தி

உங்கள் அண்ணனை நினைத்து நீங்கள் அங்கே நின்றதில் எனக்கு உண்மையாகவே நிறைவு, தம்பி. ஆனால் அந்தக் கதவு ஆசையை அளந்து திறக்கவில்லை. அட்டையில் காசு இருந்ததால் திறந்தது. உங்கள் அளவுக்கு ஆசை இருந்து காசு இல்லாதவருக்குக் குலுக்கலில் ஒரு வாய்ப்பாவது உண்டு. செப்டம்பரில் வெம்ப்ளிக்கு இரண்டு நாள் கூட்டினார்களே, அதைக் கிடைக்காமல் போனவர்களுக்குக் குலுக்கல் முறையில்தான் கொடுத்தார்கள். முதல் நாளே அதைச் செய்திருக்கலாம்.

மழைநகர்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மான்செஸ்டர். ஹீட்டன் பார்க்கில் ஐந்து நாள் நடந்தது, எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம்.

நாங்கள் உங்கள் ஒரு கோடியில் இல்லை. 150 என்றபோதே வீட்டில் நாலு பேருக்கு 600 என்று கூட்டிப் பார்த்து, வரிசைக்கே போகவில்லை. ஜூலை மாதம் பூங்காவில் வேலிக்கு வெளியே ஒரு மேடு இருக்கிறது, அங்கே டிக்கெட் இல்லாதவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அதற்கு கேலகர் ஹில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல வெயில். போர்வை, புளிச்சாதம், தண்ணீர். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார். மரங்களுக்கு மேலே மேடையின் மேல் பாதி, திரையில் ஒரு ஓரம். அந்த மேட்டில் இருந்தவர்கள் யாரையும் எந்தத் தளமும் எண்ணவில்லை.

மேடைப்பித்தன்

உண்மையாகக் கேட்கிறேன். பாட்டு தெளிவாகக் கேட்டதா?

மழைநகர்

பேஸும் டிரம்மும் நன்றாகக் கேட்டன. லியம் குரல் காற்று எங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடியபோது மேட்டில் இருந்தவர்களும் எழுந்து நின்று பாடினார்கள். அந்தப் பாட்டி உட்கார்ந்தபடியே பாடினார், ஒரு வரிகூட விடவில்லை.