பெஸ்தாரி ஜெயாவில் கோர்னர் வீடு: தண்ணீர் தேங்கும் இறுகிய மண்ணில் எதை எங்கே நடலாம்?

மூலைவீட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு இப்போதுதான் மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்திருக்கிறோம், அம்மாவுக்கு இது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒற்றைத் தளக் கோர்னர் வீடு. வாசல் மேற்கே பார்த்தது, பக்கவாட்டு நிலம் வடக்கே, அகலம் 15 அடி, நீளம் 40 அடி இருக்கும். பின்னால் கிழக்கே சமையலறையை ஒட்டி ஒரு துண்டு இடம், அதைத் தாண்டினால் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்).

பிரச்சினை மண்தான். ஆரஞ்சு நிறம், சங்கோலால் (மண்வெட்டியால்) கொத்தினால் கட்டி கட்டியாகப் பெயர்கிறது, நடுநடுவே சிமெண்டும் செங்கல் துண்டும். மழை பெய்தால் மறுநாள் வரை தண்ணீர் நிற்கிறது, தொடர்ந்து வெயில் அடித்தால் அதே இடம் வெடித்துப் பிளக்கிறது. வேலியோரம் முழுக்க லாலாங் புல், பிடுங்கப் பிடுங்க வருகிற களை. லயத்தில் அம்மா முருங்கைக் குச்சியை ஒடித்து நட்டால் போதும், துளிர்த்துவிடும். இங்கே வெண்டை அரை அடி வளர்ந்ததும் மஞ்சளடித்து நின்றுவிட்டது. லோரியில் கறுப்பு மண் கொண்டுவந்து மொத்தமாகக் கொட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அம்மா கேட்பது முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை, வெண்டை, கத்தரி, ஏதாவது கீரை. அவருக்கு முழங்கால் வலி, ரொம்பக் குனிய முடியாது. எதை எங்கே வைப்பது, மண் கொட்டத்தான் வேண்டுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிராணி:

லோரி மண்ணுக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதம்மா. தாமான் கட்டும்போது மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, கனரக இயந்திரத்தை ஓட்டி இறுக்குகிறார்கள். உன் காலடியில் இருப்பது அந்த அடிமண். அதன்மேல் அப்படியே கறுப்பு மண்ணைக் கொட்டினால் மழைத்தண்ணீர் மேல்மண் வழியாக இறங்கி, இறுகிய மண்ணில் முட்டிக்கொண்டு அங்கேயே தேங்கும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கீழே வேர் அழுகும்.

முதலில் தண்ணீர் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார். நிலத்தில் நாலைந்து இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்று. அது இறங்கினதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பார். ஒரு அங்குலம்கூட இறங்காத இடத்தில் முருங்கை, கறிவேப்பிலை பற்றி நினைக்கவே வேண்டாம். அப்புறம் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வை. மணல் உடனே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல், களிமண் அடங்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். எந்த அடுக்கு தடிமன் என்று பார்த்தால் உன் மண் என்ன ரகம் என்று தெரிந்துவிடும். களிமண் என்றால் மணல் கலக்கிறேன் என்று கிளம்பாதே, கொஞ்சம் மணலும் களிமண்ணும் சேர்ந்தால் செங்கல்தான் மிஞ்சும். மக்கிய இலை, மக்கிய சாணம், கருக்கிய நெல் உமி, இவைதான் களிமண்ணை இளக வைக்கும். ஈரமாக இருக்கும்போது கொத்தவும் கூடாது, மிதிக்கவும் கூடாது.

இன்னொன்று புளிப்பு. இங்கே எதுவும் விளையாது என்று யாராவது சொன்னால் நம்பாதே, நாட்டிலேயே வணிக ரீதியில் முதலில் செம்பனை நட்டது 1917இல் நம் ஊர்ப்பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான். ஆனால் செம்பனை புளித்த மண்ணைத் தாங்கும், காய்கறி தாங்காது. நம் பக்கத்து மேட்டு நிலங்களில் பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவில் இருக்கும், வெண்டைக்கும் கத்தரிக்கும் 5.5க்கு மேல் வேண்டும். மண் அவ்வளவு புளித்தால் அதில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கிறது, உரம் போட்டாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. உன் வெண்டை மஞ்சளடித்ததற்கு இதுவும் தண்ணீர் தேங்குவதும் சேர்ந்து காரணமாக இருக்கலாம். கடையில் டோலமைட் அல்லது ஜிஎம்எல் என்று கேட்டால் சுண்ணாம்புத் தூள் தருவார்கள், சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் தூவிக் கொத்திவிட்டு இரண்டு மூன்று வாரம் விடு. கோழி உரத்தை அதோடு சேர்த்துப் போடாதே, தழைச்சத்து காற்றில் போய்விடும். சுண்ணாம்புக்கு அப்புறம் இடைவெளி விட்டுப் போடு. வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், சிமெண்டிலிருந்தே அங்கே இறங்கிக்கொண்டிருக்கும்.

குளத்தோரம்:

நான் அதே ஊரில் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் பக்கம் இருக்கிறேன், எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. வெறும் மணல், காலையில் ஊற்றினால் மத்தியானம் வறண்டு கிடக்கும், போட்ட உரம் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். நான் செய்வது பள்ளமான பாத்தி, உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, மேலே கனமான இலை மூடாக்கு. அக்கா இதை உங்கள் வீட்டில் செய்தால் செடி மூழ்கிவிடும். ஒரே ஊர் என்பதற்காக யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், கிராணி ஐயா சொன்ன குழிச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

பந்தல் அக்கா:

ஐயா மண்ணைச் சொல்லிவிட்டார், நான் வெயிலைச் சொல்கிறேன் தங்கச்சி. பக்கவாட்டு நிலம் வடக்கே இருப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்றரை டிகிரிக்குள், அதனால் ஜூன் மாதத்தில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், டிசம்பரில் தெற்கே. ஜூனில் உன் நிலம் சுவர் ஓரம் வரை வெயிலில் காயும். டிசம்பரில் 12 அடி உயரக் கூரையின் நிழல் மத்தியானத்தில்கூட ஆறடி தூரத்துக்கு வடக்கே விழும். ஆக 15 அடியில் சுவரோர ஆறடிக்குள் பாதி வருடம் கூடவோ குறையவோ நிழல் விழும், வேலியோர ஒன்பது அடிதான் வருடம் முழுக்க வெயில். இது தெரியாமல் ஜூனில் வெயிலைப் பார்த்துச் சுவரோரம் வெண்டை போட்டவர்கள் வருடக் கடைசியில் செடி நோஞ்சானாகப் போனது ஏன் என்று புரியாமல் தவிப்பார்கள்.

சுவரோரத்துக்கு மஞ்சள், இஞ்சி, பண்டான், வெற்றிலை, செக்கூர் மானிஸ் கீரை. செக்கூர் மானிஸை இடுப்பு உயரத்தில் வெட்டி வெட்டி விட்டால் அம்மா குனியாமலே பறிக்கலாம். வேலிப் பக்கம் கத்தரி, வெண்டை, மிளகாய், கறிவேப்பிலை. மல்லிகைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் கொடியாக ஓடுமே தவிர மொட்டு வைக்காது, அதை வேலியின் மேற்கு முனையில் வை, பூத்து முடித்ததும் கவாத்து செய்.

மேற்கு வாசலைத்தான் நான் முதலில் கவனிப்பேன். மூன்று மணி வெயில் கார் நிறுத்தும் போர்ச் சிமெண்டில் விழுந்து வீட்டுக்குள் அனல் அடிக்கும், அங்கே வைக்கிற பூச்சட்டியெல்லாம் வெந்துபோகும். போர்ச் ஓரத்தில் ஒரு பந்தல் போட்டுக் கோவைக்காய் ஏற்றிவிடு, அது வருடக்கணக்கில் நிற்கும் கொடி. அல்லது பாகல், புடலை, நாலு கோண அவரை. காயும் கிடைக்கும், சுவருக்கு நிழலும் கிடைக்கும், அம்மாவுக்கு நின்றபடி பறிக்கிற வேலை. செம்பருத்தியும் அந்த வெயிலைத் தாங்கும், மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவு.

தண்ணீர் நிற்கிற இடத்தோடு சண்டை போடாதே. பொன்னாங்கண்ணி, வல்லாரை, கங்கோங், சேப்பங்கிழங்கு எல்லாம் ஈரத்தைக் கேட்கிற பயிர்தான், அந்த மூலையை அவற்றுக்கு விட்டுவிடு. ஆனால் குட்டையாகத் தண்ணீர் தெரியக் கூடாது, ஏடிஸ் கொசு வந்துவிடும். சட்டித் தட்டு, வாளி, எதிலும் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் போதும். சோதனைக்கு வருபவர்கள் லார்வா கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் போடுவார்கள். அபராதத்தை விடு, வீட்டில் வயதானவர் இருக்கிறார், டெங்கி வந்தால் என்ன செய்வது?

மூலைவீட்டுக்காரி:

ஐயா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குழி வெட்டிப் பார்த்தேன். வேலியோரம் இரண்டு குழியிலும் பரவாயில்லை, மணிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கியது. நடுவில் ரொம்ப மெதுவாக. சமையலறைப் பக்கத்து மூலையில் மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே இருந்தது. போத்தலில் படிந்த மண்ணில் பாதிக்கு மேல் களிமண். நிழல் கணக்கை அம்மாவிடம் சொன்னேன், லயத்தில் எந்தப் பக்கம் என்ன வைப்பது என்று பாட்டிதான் சொல்வாராம், அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை செய்கிறார், பழம் உதிர்த்த பிறகு மிஞ்சுகிற வெற்றுக் குலை வேண்டிய அளவு கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், போடலாமா? லாலாங்குக்குத் தோட்டத்தில் அடிக்கிற மருந்து பழைய டின்னில் மீதி இருக்கிறது, அதையும் தருகிறேன் என்றார்.

பழைய கிராணி:

டின்னில் பாராக்குவாட் என்று எழுதியிருந்தால் தொடவே தொடாதே. அது 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. தெளிப்பு வேலைக்குப் போன நம் பெண்கள் எத்தனை பேர் நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்து கஷ்டப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும், தவறி ஒரு வாய் உள்ளே போனால் காப்பாற்றுவது கடினம். வேறு எந்த மருந்தாக இருந்தாலும் கீரை பறிக்கிற இடத்துக்கு எதற்கு? லாலாங்கை அடியோடு வெட்டி, தடித்த அட்டைப் பெட்டிகளை விரித்து ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி வைத்து, மேலே கனமாக இலைக்குப்பை போடு. வெளிச்சம் இல்லாமல் கிழங்கு வேர் மெல்ல ஓய்ந்துபோகும், இடையில் எட்டிப் பார்க்கும் துளிரைப் பிடுங்கிக்கொண்டே இரு. தோட்டத்தில் முக்குனாக் கொடியைப் படரவிட்டுக் களையை அமுக்குவதைப் பார்த்திருப்பாய், வீட்டுக்கு அது வேண்டாம், கூரை ஏறிவிடும். சர்க்கரைவள்ளிக் கொடியை விடு, நிலத்தை மூடும், இலையையும் சமைக்கலாம்.

வெற்றுக் குலை நல்ல பொருள், சாம்பல் சத்து நிறைய உண்டு. ஆனால் குவித்து வைக்காதே, ஒரே அடுக்காகப் பரப்பு. குவியலாக மக்கினால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிட்டுப் பெருகி, தெருவில் இருக்கிற தென்னையையெல்லாம் குடையும். பச்சைக் குலையை மண்ணோடு கலக்காதே, மக்குவதற்காக மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காக மட்டும் போடு.

வடிகாலைச் சொல்கிறேன். நிலத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, மெல்லிய சரிவில் லோங்காங் பக்கம் கொண்டுபோ. வெட்டி எடுத்த மண்ணை இரண்டு பக்கமும் ஏற்றி, மக்கிய உரமும் கருக்கிய உமியும் கலந்து பாத்தியை ஒரு அடிக்குமேல் உயர்த்து. அகலம் மூன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது, கை எட்ட வேண்டும். அம்மா வேலை செய்கிற பாத்திக்கு மட்டும் ஓரத்தில் கட்டைச்சுவர் மாதிரி செங்கல் அடுக்கி இரண்டு அடி உயர்த்தினால் உட்கார்ந்தே வேலை செய்வார். அந்த ஒரு பாத்திக்கும் பாலிபேக் செடிப்பைகளுக்கும் மட்டும் மண் வாங்கு. பாலிபேக்கில் வைப்பதற்கு மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று. அங்கே மணல் ஏன் என்று கேட்காதே, அது வாங்கிய மேல்மண், உன் களிமண் இல்லை. வாய்க்கால் வேலையை அக்டோபர் நவம்பர் பெருமழைக்கு முன்னால் முடித்துவிடு.

நர்சரி தம்பி:

அக்கா, கறிவேப்பிலை வைக்கிறீர்கள் என்றால் லீமாவ் கஸ்தூரியை (சின்ன எலுமிச்சை வகை) பக்கத்தில் வைக்காதீர்கள், நம் வீடுகளில் இரண்டையும் ஜோடியாக வைப்பது பழக்கம். கறிவேப்பிலைத் துளிரில் பெருகுகிற சிறு தத்துப்பூச்சி ஒன்று எலுமிச்சை வகைகளுக்குப் பச்சையாதல் நோயைப் பரப்பும், வந்த மரத்தைக் காப்பாற்ற வழி இல்லை. சிறிய நிலத்தில் இரண்டில் ஒன்றுதான். வாங்கும்போது துளிர் சுருண்டிருந்தால், மெழுகு மாதிரி வெள்ளை நூல் தெரிந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

மூலைவீட்டுக்காரி:

எலுமிச்சையை விட்டுவிடுகிறோம், அம்மா கறிவேப்பிலையை விடமாட்டார். முருங்கைதான் கடைசிக் கேள்வி. வேலிக்கு வெளியே, ரோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கிற புல் துண்டில் வைக்கலாமா? அங்கேதான் தண்ணீர் நன்றாக வடிகிறது.

பந்தல் அக்கா:

அது நகராண்மைக் கழக நிலம் தங்கச்சி, என்றைக்கு வேண்டுமானாலும் வந்து வெட்டிவிடுவார்கள். வேலிக்கு உள்ளேயே, வடிகிற இடத்தில் இரண்டு அடி மேடு கட்டி நடு. மழைக்காலத்தில் பூ உதிரும், காயை ரொம்ப எதிர்பார்க்காதே. கீரைக்கு என்று வைத்து, நெஞ்சு உயரத்தில் தலையை ஒடித்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் கிளைத்துக் கை எட்டும் உயரத்தில் நிற்கும், காற்றில் முறிந்து யார் கார் மேலும் விழாது. மேடு கட்டுவதற்கு முன்னால் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள், முருங்கை வேர் அதில் புகுந்தால் தொல்லை. மேன்ஹோல் மூடி எங்கே இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடு, பார்த்துவிட்டு இடத்தைச் சொல்கிறேன்.