கடைசி 15 நிமிடங்களில் உதைகளின் தரம் கூடுகிறதா? என் அட்டவணையில் எங்கே பிழை?

முள்ளியவளை, பயிற்றுநர்
வணக்கம். ஊர்க் கழகத்தின் இளையோர் உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவிக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஐரோப்பிய லீக் ஆட்டங்களின் எக்ஸ்ஜி கணக்கை (ஓர் உதை கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்ற மதிப்பு) அட்டவணையாக்கினேன். 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக் கூட்டினால் 76–90 துண்டு வீங்கி நிற்கிறது. 31–45 துண்டும் சற்று உயரம். ஆனால் கண்ணால் பார்த்தால், கடைசி நேரத்தில் தூரத்திலிருந்து வானத்துக்கு அடிப்பவர்களே அதிகம். பின்கள வீரர்கள் களைப்பதால் உதையின் தரம் கூடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

வவுனியா
இப்போதைக்குச் சொல்லாதீர்கள் அண்ணா. நீங்கள் உயரம் என்று சொல்லும் இரண்டு துண்டுகளுக்குள்ளும் உபாதையீடு நேரம் (தாமதங்களுக்கு ஈடாக ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சேர்க்கும் நிமிடங்கள்) ஒளிந்திருக்கிறது. 90+7 இல் அடித்த உதையும் 76–90 கணக்கில்தான் விழும். அந்தத் துண்டு 15 நிமிடம் அல்ல, 20 நிமிடத்தையும் தாண்டலாம். ஒவ்வொரு துண்டையும் உண்மையில் ஆடிய நிமிடங்களால் வகுங்கள். பெனல்டிகளை வேறாக எடுங்கள். ஒவ்வொன்றும் முக்கால் கோலுக்கு மேல் பெறுமதி என்பதால் சராசரியைத் தூக்கிவிடும். மொத்த எக்ஸ்ஜி ஒன்று, ஓர் உதைக்கான எக்ஸ்ஜி வேறொன்று. நீங்கள் கேட்பது இரண்டாவதை.

முள்ளியவளை, பயிற்றுநர்
செய்தேன் தம்பி. வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. உதைகளின் எண்ணிக்கை இன்னும் சற்றுக் கூட, ஓர் உதைக்கான தரம் ஏறக்குறைய சமம். களைப்பு ஒன்றுமே செய்வதில்லையா?

மன்னார்
செய்கிறது. ஆனால் அதற்கு முன் கோல் நிலவரம் என்ற நிரலைச் சேருங்கள். பின்தங்கிய அணி ஆட்களை முன்னே தள்ளி அதிகம் உதைக்கும்; எதிரே பெட்டிக்குள் (கோலுக்கு முன்னுள்ள தண்டப் பகுதி) ஆட்கள் குவிந்திருப்பதால் உதைகளின் தரம் தாழும், பல தடுக்கப்படும். முன்னிலை அணி குறைவாக உதைக்கும். ஆனால் எதிர்த்தாக்குதலில் திறந்த வெளி கிடைக்கும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். இன்னொன்று: 2020 முதல் 5 மாற்று வீரர்கள் வருவதால், கடைசியில் களைத்த பின்கள வீரரை எதிர்கொள்பவர் பலவேளை புதுக் கால்களோடு வந்தவர்.

பிள்ளைகளுக்கு 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் காட்டுங்கள். பிரான்ஸ் முதற்பாதியில் ஓர் உதைகூட அடிக்கவில்லை. எம்பாப்பே 80ஆவது நிமிடத்தில் பெனல்டி அடித்தார். அடுத்த நிமிடமே பெட்டியின் இடப்பக்கத்திலிருந்து பந்து தரையைத் தொடுமுன் சரிந்தபடி அடித்தார். முன்னது மிக உயர்ந்த எக்ஸ்ஜி, பின்னது தாழ்ந்தது; இரண்டும் கோல். மேலதிக நேரத்தின் இறுதியில் பிரான்ஸின் கோலோ முவானி ஆர்ஜென்டீனக் கோல் காப்பாளர் மார்டினெஸுக்கு நேரெதிரே தனித்து நின்றார். அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. மார்டினெஸின் இடது கால் தடுத்தது. கோலை வைத்துத் தரத்தை அளக்க முடியாது என்பது அந்த ஓர் ஆட்டத்திலேயே தெரியும்.

வவுனியா
உங்கள் மைதானத்துக்கும் இதே குறிப்பேட்டை வையுங்கள் அண்ணா. பெட்டியை வரைந்து, உதைத்த இடத்தில் புள்ளி. பக்கத்தில் நிமிடம், கோல் நிலவரம், பந்துக்கும் கோலுக்கும் இடையில் நின்றவர்களின் எண்ணிக்கை. சோளகம் வீசும் மாதங்களில் காற்றுத் திசையும் வேண்டும். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறுவதால் வரும் வித்தியாசத்தைக் களைப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

முள்ளியவளை, பயிற்றுநர்
நன்றி. காற்றுக்கும் கோல் நிலவரத்துக்கும் நிரல் போட்டுவிட்டேன். பின்தங்கியிருக்கும்போது இனித் தூர உதை வேண்டாம், பெட்டிக்குள் இன்னொரு பரிமாற்றம் தேடுங்கள் என்று பயிற்சியில் சொல்லப்போகிறேன்.