சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத 2004 மாடல் பெட்ரோல் கார்

அல்சூர்வாசி:
அப்பா வாங்கிய வண்டி. எம்பிஎஃப்ஐ எஞ்சின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை), 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி, பத்து இருபது நிமிடத்தில் திரும்ப எடுத்தால்தான் தகராறு. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. முக்கால் மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது.

போன செவ்வாய் அப்பாவை டயாலிசிஸ் முடித்துக் கூட்டி வந்தேன். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் அரை மணி ஊர்ந்துவிட்டு, கோரமங்கலாவில் மருந்து வாங்க நிறுத்தினேன். திரும்பி வந்தால் வண்டி எழவில்லை. டயாலிசிஸ் அன்று அவருக்கு உட்காரவே தெம்பு இருக்காது. ஊசி குத்திய கையை மடியில் வைத்துக் கண்ணை மூடியபடி, "இன்னொரு தரம் பாருடா" என்றார். கடைசியில் ஆட்டோவில்தான் கூட்டிப் போனேன். வாரம் மூன்று நாள் இந்தப் பயணம் உண்டு.

மெக்கானிக் பேட்டரியும் பிளக்கும் மாற்றினார், பலன் இல்லை. இப்போது பெட்ரோல் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார். செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. எங்கே தொடங்கலாம்?

ஹொசகோட்டே பயணி:
என் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. பம்பில் உள்ள வால்வு பிரஷரைப் பிடித்து வைக்காவிட்டால், நின்ற வண்டியின் சூட்டில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்துவிடும். சாவியை ஆன் செய்யுங்கள், பின் சீட்டடியில் பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்கும். ஆஃப் செய்யுங்கள். மூன்று தரம் இப்படிச் செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். அதில் பிடித்தால் பம்ப் பக்கம் சந்தேகப்படலாம்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, ஜே.சி. ரோட்டில் 31 வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், பம்பை இப்போது கழற்ற விடாதீர்கள். முதலில் வண்டி பிடிக்காமல் நிற்கும்போதே இரண்டு விஷயம் பாருங்கள். செல்ஃப் அடிக்கையில் பெட்ரோல் வாடை வருகிறதா? ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழுகிறதா?

வாடை குப்பென்று வந்து, பிடித்ததும் கரும்புகை தள்ளினால், எஞ்சின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று அது தப்பாகச் சொன்னால், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலை அள்ளி ஊற்றும். பல வண்டிகளில் இந்த சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும்.

வாடையும் இல்லை, முள்ளும் அசையவில்லை என்றால் எனக்கு கிராங்க் சென்சார் மேல்தான் சந்தேகம். எஞ்சின் சுற்றுகிறது என்று ஈசியுவுக்குச் சொல்வதே அதுதான். அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது. உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். அதில் விரிசல் விட்டால் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது காற்றும் கூலன்ட்டும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அந்தச் சூடு பானெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் அந்தப் பதினைந்து நிமிடம் பொல்லாதது.

அடுத்த முறை மக்கர் செய்தால் சென்சார் மேல் மட்டும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டுவிடக் கூடாது, விரிசல் விட்டுவிடும். சாவி ஆஃபில் இருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கை பத்திரம்.

அல்சூர்வாசி:
அண்ணா, ஞாயிறு தனியாக ஓசூர் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். பதினைந்தாவது நிமிடம் அதே கதை. மூன்று தரம் சாவி போட்டும் பிடிக்கவில்லை. வாடை இல்லை. முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சென்சார் இருக்கிறது. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் பொறுத்தேன். முதல் சுற்றிலேயே முள் துள்ளியது, வண்டி பிடித்தது!

மறுநாள் மல்டிமீட்டர் வைத்தேன். குளிர்ந்தபோது 870 ஓம். ஓட்டி நிறுத்திப் பார்த்தால் ரீடிங்கே இல்லை.

பழைய ஸ்பேனர்:
இனிச் சந்தேகமே வேண்டாம். உங்களுடையது இரண்டு கம்பி சென்சார் என்பதால் ஓம் பார்க்க முடிந்தது. மூன்று கம்பி என்றால் பெரும்பாலும் ஹால் வகை, உள்ளே கம்பிச் சுருளுக்குப் பதில் சிப் இருக்கும், அதை இப்படி அளக்க முடியாது. வாங்கும்போது விலை குறைந்த டூப்ளிகேட் வேண்டாம். பழையதைக் கையில் கொண்டுபோய் கனெக்டரையும் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். நீளம் கொஞ்சம் மாறினாலும், எஞ்சினோடு சுற்றும் பல் சக்கரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கெட்டுவிடும்.

அல்சூர்வாசி:
மாற்றியாகிவிட்டது. நான்கு நாளாக வேண்டுமென்றே சூட்டோடு நிறுத்தி எடுத்துப் பார்க்கிறேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. நேற்று அப்பாவைக் கூட்டி வரும்போது அதே மருந்துக் கடையில் நிறுத்தினேன். நான் சாவியைத் திருப்பும்வரை அவர் கண்ணை மூடவில்லை. பிடித்ததும்தான் தலையைச் சாய்த்தார். ரொம்ப நன்றி அண்ணா. ஒன்று கேட்க வேண்டும். சென்சார் ஒயர் எக்ஸாஸ்ட் குழாய்க்கு இரண்டு விரல் தள்ளித்தான் போகிறது, உறை விறைத்துப் போயிருக்கிறது. அப்படியே விடலாமா?

பழைய ஸ்பேனர்:
விடாதீர்கள். சூடு தாங்கும் கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டு, கிளிப் அடித்துக் குழாயிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.