புதுப்பிப்பு: எல்லா ரப்பருக்கும் ஒரே கிரீஸ் போதுமா?

கார் கதவின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் பூசச் சொன்ன முந்தைய பதிவில், அதையே மற்ற ரப்பருக்கும் பூசலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இடத்தைப் பொறுத்தது.

பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். மிதமான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சிலிக்கான் கிரீஸைத் துணியில் எடுத்து மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். சிலிக்கான் ஸ்ப்ரேயை நேராக அடிக்காதீர்கள். கண்ணாடியில் படிந்தால் வைப்பர் இழுசும், பெயின்ட்டில் படிந்தால் பின்னால் மறுபூச்சு ஒட்டாது.

பிரேக் காலிப்பரில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீலும் அதே இனம்தான். பெட்ரோலிய கிரீஸ், வாசலின் எதுவும் கூடாது: ரப்பர் உப்பி, பிஸ்டன் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். பிரேக்குக்கென்றே வரும் சிவப்பு ரப்பர் கிரீஸ் மட்டும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷுக்கு எதுவும் பூச வேண்டாம். அது சீக்கிரம் கிழிவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். வண்டியைத் தூக்கி வைத்து சக்கரம் தொங்கும்போதே புஷ்ஷின் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கிறது. எடை சக்கரத்தில் ஏறிய பிறகே கடைசி முறுக்கு.

ஃபேன் பெல்ட்டுக்கு, சத்தம் நிற்க அடிக்கும் 'டிரெஸ்ஸிங்' ஸ்ப்ரேயும் வேண்டாம். கீச்சொலி வந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், பெல்ட் ஓடும் புல்லிகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.