பட்டனுக்குப் பயப்படும் நாயகன்: வாசகர்கள் சிரிக்கிறார்கள், உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் கதிருக்குச் சட்டைப் பட்டன் என்றால் பயம். கூம்புனோஃபோபியா என்பார்கள், உண்மையிலேயே இருக்கும் பயம்தான். மூன்று அத்தியாயம் முடித்து இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். பயம் வரும் இடங்களில் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். மனசே விட்டுப்போனது. பட்டனைப் பார்த்ததும் கதிர் அலறுகிறான், மயங்கி விழுகிறான். சின்ன வயதில் பட்டனை விழுங்கி மூச்சுத் திணறியதாகக் காரணமும் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு? அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் கதிர் என்று யாருமே மிஞ்சவில்லை என்பதும் உறுத்துகிறது.

பதில் 1:
முதலில் மயக்கத்தை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான ஃபோபியாக்களில் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், காயம், ஊசி பயத்தில்தான் அழுத்தம் ஏறிச் சட்டென்று இறங்கி ஆள் சாய்வது அதிகம். அப்புறம் அந்தக் காரணம். பயம் எப்போது தொடங்கியது என்று பலருக்கு நினைவே இருக்காது, அதனால் அது கட்டாயமில்லை. 1920-ல் வாட்சன், ரேய்னர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போது பெரிய ஓசை எழுப்பிப் பயத்தைப் பழக்கினார்கள். கொடுமையான சோதனை. ஆனால் அந்தப் பயம் எலியோடு நிற்காமல் முயலுக்கும் ரோமக் கோட்டுக்கும் பரவியது. கதிரின் பயம் எதுவரை பரவியிருக்கிறது? வட்ட மாத்திரையை விழுங்குவானா?

பதில் 2:
எனக்கே இந்தப் பயம் உண்டு. ஒருநாளும் அலறியதில்லை. எனக்குப் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். உலோகப் பட்டன் பரவாயில்லை. நான்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பட்டன், அதுவும் நூல் தொங்கத் தனியாகக் கிடந்தால், நாக்கடியில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் மறைப்பதிலேயே நாள் போகும். ஒருமுறை நெருங்கிய தோழி விடைபெறும்போது அணைக்க வந்தாள். அவள் சட்டை முழுக்கப் பட்டன். நான் என் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியது. இன்றுவரை நான் விளக்கவில்லை. கதிரிடம் நீங்கள் காட்ட வேண்டியது அந்தப் பையைத்தான்.

கேட்டவர்:
படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் பட்டனையே எழுதிக்கொண்டிருந்தேன், அவன் எதை மறைக்கிறான் என்று யோசிக்கவே இல்லை.

பதில் 3:
விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அதனால், ஓட முடியாத ஒரு ஆசையை அவனுக்குக் கொடுங்கள். சின்ன மகள் இருக்கட்டும், அவளுக்குத் தினமும் உடை மாட்டிவிட வேண்டியவன் அவன் மட்டுமே. அவன் பொறுமைசாலியா, பொய் சொல்பவனா, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கடைசியில் ஒரே இரவில் துணிச்சல் வந்து குணமாகிவிட வேண்டாம். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பக்கத்தில் கொண்டுவந்தார். அந்த வேகம்தான் சரி.

கேட்டவர்:
முயன்று பார்த்தேன்:

“அப்பா, அறுந்துபோச்சு.” மகள் உள்ளங்கையை விரித்தாள். கதிர் அவள் முகத்தை மட்டுமே பார்த்தான். ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி நீட்டினான். “இதுல போடு கண்ணு.” உள்ளே விழும் சத்தம் கேட்டது. காகிதத்தின் வாயை நான்கு முறை மடித்தான். பிறகு ஊசியில் நூல் கோத்தான்.

பதில் 2:
நான்கு முறை மடித்தது அப்படியே நான். ஊசி நூல்தான் நம்பும்படி இல்லை. தைக்க வேண்டுமானால் அதை விரலால் பிடிக்க வேண்டுமே. நானாக இருந்தால் ஊக்கு குத்தி அனுப்பிவிடுவேன். சாயங்காலம்வரை அது அவளைக் குத்திவிடுமோ என்று தவித்துக்கொண்டிருப்பேன்.

கேட்டவர்:
ஊக்கு என்று மாற்றிவிட்டேன். அடுத்த அத்தியாயம் அந்தச் சாயங்காலத்தில் தொடங்குகிறது.