வியட்நாமின் சைகோன் நகருக்குச் சென்று வந்த பங்குக் குழுவினர்: இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

திருச்சி வாசகர்

எங்கள் பங்கிலிருந்து (கத்தோலிக்க ஆலயச் சமூகத்திலிருந்து) 31 பேர் சென்றிருந்தோம். நாட்ரடாம் பேராலயம் 2017 முதல் பழுதுபார்ப்பில் இருப்பதால் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, மாலைத் திருப்பலிக்கு டான் டின் ஆலயத்துக்குப் போனோம். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த இளஞ்சிவப்புக் கோவில்தான். அன்று பகல் முழுவதும், நடைபாதையில் எங்கே நின்றாலும் லாட்டரிச் சீட்டு விற்கும் முதியவர்கள் எங்கள் முன் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆலய வாசலில், கூம்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்த பாட்டி ஒருவர் மடித்த தாள் ஒன்றை நீட்டியபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன். அவர் உள்ளே போய் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்ந்து, அந்தத் தாளைப் பிரித்தார். அது அன்றைய திருப்பலிப் பாடல் தாள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அதைப் பார்த்து இராகமிட்டுச் செபிக்க, நான் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு நின்றேன். திருப்பலி முடிந்து வெளியே வருவதற்குள் அவர் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போய்விட்டிருந்தார்.

மதுரை, வரலாற்று மாணவன்

எனக்கு உறுத்துவது சோலோன் பகுதியில் உள்ள சா தாம் ஆலயம். ஆட்சிக் கவிழ்ப்பிலிருந்து தப்பிய தென் வியட்நாம் அதிபர் நியோ டின் டியம், தம் தம்பியுடன் 1963 நவம்பர் 2 அன்று இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். இங்கிருந்து கவச வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட இருவரும் வழியிலேயே கொல்லப்பட்டார்கள். அது கல்லறைத் திருநாள் என்பதை எங்கள் குழுவில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை, ஏனெனில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது பதினைந்தே நிமிடம். அவர் அமர்ந்த பெஞ்சில் சிறிய தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். குழுவில் வந்த பெரியம்மா ஒருவர், விவரம் அறியாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய்த் தகட்டைக் காட்ட, அவர் எழ முயன்றார். பீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்த வியட்நாமிய மூதாட்டி வந்து, அவருடைய தோளை அழுத்தி மீண்டும் உட்கார வைத்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

திருச்சி நண்பர் வீணாகத் தம்மை வருத்திக்கொள்கிறார். ஒரு நாளில் இருபது பேரிடம் வேண்டாம் என்று சொன்னவர் இருபத்தோராவது ஆளிடமும் சொல்வது இயல்பு. அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) தேவையில்லை. என் அனுபவம் சிறியது: காணிக்கைப் பையில் 20,000 டாங் போடுவதாக எண்ணி 5,00,000 டாங் தாளைப் போட்டுவிட்டேன், இரண்டுமே நீலச் சாயல் கொண்டவை. நம் பணத்தில் ஏறத்தாழ 1,700 ரூபாய். பை ஏந்தி வந்த இளைஞர் ஒரு கணம் தயங்கி நின்றார். கௌரவம் கருதி நான் தலையை ஆட்டிவிட்டேன்.

எனவே இனிச் செல்பவர்கள் முதல் நாள் இரவே தாள்களைத் தனித்தனிப் பையில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யங்களை எண்ணாமல் யாரிடமும் பணத்தை நீட்டாதீர்கள். சாலையைக் கடக்கும்போது ஒரே சீரான வேகத்தில் நடக்க வேண்டும்; மோட்டார் சைக்கிள்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும், ஆனால் நடுவில் நின்றாலோ பின்வாங்கினாலோ அவர்களுக்குக் கணிப்பு தவறிவிடும். முப்பது பேர் ஊர்வலம்போல நீள வேண்டாம், ஐந்தாறு பேராகச் சேர்ந்து கடந்து செல்லுங்கள். தோளை மறைக்கும் துண்டு ஒன்றும், முதியவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். அப்படிச் செய்திருந்தால் மதுரைத் தம்பியின் பெரியம்மா அதிபரின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியிலிருந்து

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் சைகோனுக்கு வேலைக்குப் போனது பலர் அறிந்ததே. என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். அதனால் பென் தான் சந்தையிலிருந்து நடை தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோவிலையும் பார்க்க விரும்பினேன். குழுவில் பாதிப் பேர், திருயாத்திரையில் இது எதற்கு என்று வெளியிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே தமிழர் ஒருவரும் இல்லை. அலுவலக உடையில் வந்த வியட்நாமியப் பெண் ஒருத்தி கருவறைக்குப் பின்புறம் போய், கருங்கல் சுவரில் நெற்றியைப் பதித்து, உதடு கல்லில் படுமளவுக்கு நெருங்கி, நெடுநேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒப்புரவுக் கூண்டின் சட்டத்தில் முகம் புதைத்து என் பாட்டி பேசியது இப்படித்தான். வெளியே வந்ததும், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

திருச்சி வாசகர்

வங்கி ஐயாவுக்கு நன்றி, ஆனால் சாலையைக் கடக்கும் வழியை நான் கேட்கவில்லை. மறுநாள் காலைத் திருப்பலிக்குத் தனியாகப் போனதை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். பாட்டி வரவில்லை. வாசலில் நின்ற ஓர் இளைஞர் தாளை நீட்டினார், இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். வியட்நாமியத்தை உரோமன் எழுத்தில் எழுதுவதால் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'சா' என்ற ஒரு சொல் மட்டுமே பிடிபட்டது. அதற்குத் தந்தை என்று பொருள். பாதிரியாரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள், மதுரைத் தம்பி சொன்ன 'சா தாம்' என்பதிலும் இருப்பது அதே சொல்தான். அது வந்த இடங்களிலெல்லாம் மட்டும் நானும் வாயசைத்தேன்.